கீறல் விழாத மணிக்கூடு

"இத கடைசியா எப்ப சேர்விஸ் பண்ணின, காக்கா?"

கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர், எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் இருந்துகொண்டு வாப்பாவிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய கையில் எங்கள் மூத்தவாப்பாவின் ராடோ மணிக்கூடு இருந்தது. வாப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஓடுதுதானே தம்பி. ஓடுற மணிக்கூட்டுக்கு என்னத்துக்குச் சேர்விஸ்?"

வந்தவர் சிரித்தார். மணிக்கூட்டை மேசையில் வைத்தார். பிறகு வாப்பா நினைத்திருந்த விலையில் பாதியைச் சொன்னார். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று எழும்பிப் போய்விட்டார்.

விற்க வேண்டிய தேவை ராத்தாவின் வீட்டால் வந்தது. சுவர் எழும்பி, கூரை போடாமல் இரண்டு மாரி நனைந்து நிற்கிற வீடு. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டாமல் கலியாணப் பேச்சு நகராது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு கட்டுரை எழுத இருக்கிறது. அதை இன்னொரு வருட மலருக்கு வைத்துக்கொள்கிறேன். இப்போது மணிக்கூடு.

மூத்தவாப்பா 1981ஆம் ஆண்டு ஜித்தாவில் வாங்கியது அது. அந்தக் காலத்தில் சவூதியிலிருந்து திரும்பி வருகிறவர்களை மூன்று சாமான்களால் அடையாளம் காணலாம் என்று உம்மா சொல்வார்: தோளில் கம்பளிப் போர்வை, கையில் இரட்டைக் கசற் ரேடியோ, மணிக்கட்டில் ராடோ. மற்ற இரண்டும் எங்கள் வீட்டில் எப்போதோ இல்லாமல் போயின. ராடோ மட்டும் இருந்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகும் அதன் வெளிப்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. அதற்குக் காரணம் நாங்கள் பவுத்திரமாக வைத்திருந்தது அல்ல. 1962இல் சுவிட்சர்லாந்தின் ராடோ கம்பனி 'டயாஸ்டார்' என்ற பெயரில் வெளியிட்ட வகை அது. டங்ஸ்டன் காபைட் என்கிற கடின உலோகத்தால் உடலும், செயற்கை நீலக்கல்லால் கண்ணாடியும் செய்திருப்பார்கள். சாவிக்கொத்தோடு ஒரே பொக்கற்றில் கிடந்தாலும் கீறல் விழாது. வெளியே பார்த்து அதற்கு எத்தனை வயது என்று சொல்ல முடியாது. எங்களை ஏமாற்றியதும் அதுதான்.

அந்தக் கட்டார்க்காரரின் கேள்வி எனக்குள் கிடந்து உறுத்தியது. ஒரு விலையுயர்ந்த மணிக்கூட்டை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை சேர்விஸ் செய்ய வேண்டும்? உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள் என்ற வீம்பில் தேடி வாசித்தேன். கம்பனிகளின் பதில் ஒரே மாதிரி இல்லை. ரோலெக்ஸ் ஏறத்தாழ பத்து வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. ஒமேகா ஐந்து முதல் எட்டு வருடம் என்கிறது. பழைய தொழிலாளிகள் மூன்று முதல் ஐந்து என்பார்கள். இந்த வித்தியாசத்துக்கு முக்கிய காரணம் எண்ணெய். முன்பு மணிக்கூட்டுக்கு இட்ட எண்ணெய் கெதியில் காய்ந்து பிசினாகிவிடும். இப்போதைய செயற்கை எண்ணெய் நீண்ட காலம் நிற்கிறது.

எண்ணெய் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். பற்றரி இல்லாத தானியங்கி மணிக்கூட்டுக்குள் ஒரு சின்னச் சக்கரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். சில இயந்திரங்களில் அது செக்கனுக்கு ஆறு அடி, சிலவற்றில் எட்டு. எட்டு அடி என்றால் மணித்தியாலத்துக்கு 28,800. ஒரு நாளைக்கு 691,200. வருடத்துக்கு இருபத்தைந்து கோடிக்கு மேல். அவ்வளவு ஆட்டத்தையும் தாங்குவது தலைமயிர் அளவு அச்சுகள். அந்த அச்சுகள் தேயாமல் இருக்கத்தான் செயற்கை மாணிக்கக் கல்லில் துளையிட்டு அதில் உட்கார வைக்கிறார்கள். '17 கல்', '25 கல்' என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். நான் சின்ன வயதில் அது நகைக் கல் என்று நினைத்திருந்தேன். கல்லுக்கும் அச்சுக்கும் இடையில் ஊசிமுனையால் தொட்டு வைத்த எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத அளவு. அது காய்ந்த பிறகும் மணிக்கூடு ஓடும். அப்போது இரும்பு இரும்பைத் தின்னும். தின்ற தூள் மிச்ச எண்ணெயோடு சேர்ந்து கறுத்த பசையாகி இன்னும் தின்னும்.

வாப்பாவிடம் இதைச் சொன்னேன். "ஓடுதே புள்ள" என்றார் மறுபடியும். நான் பத்து நாள், ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பிறகு அதன் நேரத்தைக் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்தேன். நாளொன்றுக்கு ஒரு நிமிடத்துக்குக் கிட்டப் பிந்தியது. சுவிட்சர்லாந்தில் நேரத் துல்லியத்துக்குச் சான்று பெறும் மணிக்கூடு நாளொன்றுக்கு 4 செக்கன் பிந்தலாம், 6 செக்கன் முந்தலாம். அதற்கு மேல் கூடாது. எங்களுடையது அந்தச் சான்று பெற்றதல்ல, வயதும் போனது. என்றாலும் ஒரு நிமிடம் அதிகம். அந்தக் கடதாசியைப் பார்த்த பிறகுதான் வாப்பா, "சரி, பஸாருக்குப் போவம்" என்றார்.

கல்முனைப் பஸாரில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு மேசை விளக்கும் வைக்கிற அளவு இடத்தில் இருக்கிறது அந்தக் கடை. இருப்பவர் தமிழர், எழுபதுக்குக் கிட்ட வயது. நான் ஐயா என்று கூப்பிட்டேன், வாப்பா அண்ணே என்று கூப்பிட்டார். மணிக்கூட்டை வாங்கிக் கையில் வைத்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு, "ஹாஜியாருடையதல்லோ?" என்றார்.

பிறகு என்னைக் கிட்ட வரச் சொன்னார். ராடோவின் முகப்பில் மேற்பக்கம் ஒரு சின்ன நங்கூரம் இருக்கும். கடற்கரைப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அது அலங்காரம் என்றுதான் தோன்றும். ஐயா மணிக்கூட்டை மெல்லச் சரித்தார். "இது ஆட வேணும் மகள். சரிக்கிற பக்கம் விழ வேணும். இதுக்கும் உள்ளுக்க இடுற எண்ணெய்தான். இது இறுகினா உள்ளுக்கயும் எண்ணெய் காஞ்சு போச்செண்டு விளங்க வேணும்." நங்கூரம் அசையவில்லை. எத்தனை வருடமாக அசையாமல் இருந்ததோ, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எப்போது சேர்விஸ் செய்ய வேண்டும் என்பதை முகத்திலேயே எழுதி வைத்திருந்த மணிக்கூட்டை எங்கள் வீடு தினமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

பின்மூடியைத் திறந்தார். உள்ளே நான் எதிர்பார்த்த மினுக்கம் இல்லை. சாவித் தண்டு நுழைகிற இடத்தில் செம்மஞ்சளாகத் துரு. "வுழூ எடுக்கக்க கழட்டுறல்ல, என்ன தம்பி?" என்று வாப்பாவைக் கேட்டார். வாப்பா தலையை மட்டும் ஆட்டினார். ஒரு நாளைக்கு ஐந்து முறை, வருடத்துக்கு 1,825 முறை நனைகிறது. வியர்வை வேறு, கடற்காற்று வேறு, சவர்க்காரம் வேறு. தண்ணீர் புகாமல் தடுப்பது மெல்லிய இறப்பர் வளையம். அது காலம் போக இறுகி வெடிக்கும். '30 மீற்றர்' என்று பின்னால் எழுதியிருந்தால் முப்பது மீற்றர் ஆழத்துக்கு முங்கலாம் என்று அர்த்தமில்லை, மழைத்துளியும் கைகழுவும் தண்ணீரும் பட்டால் தாங்கும் என்பதுதான் அர்த்தம். பத்து வருடம் என்று எழுதுகிற சுவிஸ்காரர் எங்கள் கரையை நினைத்து எழுதவில்லை. ஐயாவின் கணக்கு இது: இந்த ஊரில் கட்டுகிற மணிக்கூடு என்றால் வளையத்தை வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், முழுச் சேர்விஸ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அதைவிட அடிக்கடி திறக்கவும் கூடாது. ஒவ்வொரு முறை திறப்பதும் தூசுக்கும் கைபிசகுக்கும் வழி விடுவதுதான்.

(நம்மில் கூடுதலானோர் கட்டுவது பற்றரி மணிக்கூடு. அதற்கு இவ்வளவு பாடு இல்லை. ஆனால் பற்றரி செத்த பிறகு மேசை லாச்சிக்குள் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். செத்த பற்றரி கசிந்தால் இயந்திரத்தையே அரித்துவிடும்.)

ஐயா கழற்றிய மூடியைக் கவிழ்த்து விளக்கின் கீழ் பிடித்து, கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து என்னிடம் தந்தார். "வாசியுங்க."

மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறிய எண்கள். ஒன்றின் கீழ் ஒன்று.

8.86
2.94
5.99
30.12.04
1.10

மணிக்கூடு திருத்துகிறவர்கள் உலகம் முழுக்கச் செய்கிற பழைய வழக்கமாம் இது. அடுத்த முறை திறப்பவருக்குத் தெரியட்டும் என்று திகதியைக் கீறி வைப்பார்கள். கட்டுகிறவருக்குத் தெரியாது. வெளியே கீறல் விழாத மணிக்கூட்டின் உள்ளே இத்தனை கீறல். ஐந்தும் ஐயாவின் கைதான்.

கணக்குப் பார்த்தால் மூத்தவாப்பா ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கொண்டுவந்திருக்கிறார். 81இல் வாங்கி 86இல் முதல் சேர்விஸ். ஆனால் 86க்குப் பிறகு 94. இடையில் ஒன்று இல்லை.

"91இல வந்திருக்க வேணும்" என்றார் ஐயா. "நாங்க அப்ப இங்க இல்ல."

1990 இந்தக் கரையில் எந்தப் பக்கத்தாருக்கும் நல்ல வருடமாக இருக்கவில்லை. ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. கல்முனைத் தமிழர் வீடுகளில் அந்த ஜூனை இன்றும் மெதுவாகத்தான் பேசுவார்கள். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அதை எங்கள் வீடுகளில் அப்படித்தான் பேசுவோம். ஐயாவின் குடும்பம் ஊரைவிட்டுப் போய், 93இன் கடைசியில்தான் திரும்பி வந்தது. பழைய கடை இருக்கவில்லை. ஒரு மேசையை வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார்.

"கடை துறந்து ரெண்டு மாசம் இருக்கும். உங்கட மூத்தவாப்பா வந்து நிண்டார். மணிக்கூடு நிண்டு ஒண்டரை வருசமாம். பஸாருக்குள்ள வேற ஆக்கள் இல்லையா ஹாஜியார் எண்டு கேட்டன். இருக்கினம், ஆனா இதிட உள்பக்கம் உங்களுக்குத்தானே தெரியும் எண்டார். செய்து குடுத்தன். சில்லறை இல்ல எண்டு சொல்லி ரெண்டு மடங்கு காசு வச்சிட்டுப் போனார். அவரிட பொக்கற்றுக்க சில்லறை கிலுங்கினது எனக்குக் கேட்டது."

வாப்பா இதற்கெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய கண் நாலாவது கீறலில் நின்றது. 30.12.04. அதில் மட்டும் நாளும் சேர்த்துக் கீறியிருந்தது.

அந்தத் திகதியை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது. மூத்தம்மா போனார். எங்கள் வாப்பாவின் உம்மா. நான் பிறக்கும் முன் நடந்தது. ஆனால் அதன் பிறகு வந்த நாலாம் நாளைப் பற்றி எனக்குத் தெரியும், ஏனென்றால் வாப்பா அதை வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். "உம்மாட மையித்த அடக்கி மூணு நாள். முகாமுல சோறில்லாம கிடக்கம். இவர் மணிக்கூட்டத் தூக்கிக்கிட்டுப் பஸாருக்குப் போறார்." மூத்தவாப்பா 2011இல் மௌத்தாகும்வரை வாப்பா இதை அவரிடம் நேரே கேட்கவில்லை. அவருக்குப் பிறகு மணிக்கூட்டைத் தன் கையில் கட்டிக்கொண்டார், ஒரு நாளும் கழற்றவில்லை. அதற்கென்று ஒரு சதமும் செலவழிக்கவும் இல்லை. 'ஓடுதுதானே' என்ற சொல்லுக்குள் இவ்வளவும் இருந்தது என்று எனக்கு அன்றுதான் பிடிபட்டது.

"அண்டைக்கு என்ன சொன்னார்?" என்று வாப்பா கேட்டார். குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

ஐயா உடனே சொல்லவில்லை. முதலில் மணிக்கூட்டைப் பற்றித்தான் பேசினார். உப்புத் தண்ணீர் போன மணிக்கூடு காத்திருக்காது, ஒரு கிழமை விட்டால் வில்லும் தண்டும் துருவில் ஒட்டிப்போகும், பிறகு எவராலும் ஏலாது என்றார். அன்று கடை திறந்திருக்கவில்லை, வீட்டுக்குத்தான் தேடி வந்திருக்கிறார். வீட்டிலும் கரண்ட் இல்லை. முற்றத்தில் கதிரையைப் போட்டு, வெயில் வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, முதலில் நல்ல தண்ணீரில் உப்பைப் போக்கி, பிறகு பெற்றோலில் கழுவிக் காயவைத்தாராம். பின்னேரம் வரை மூத்தவாப்பா பக்கத்திலேயே குந்திக்கொண்டு இருந்தாராம்.

"ஒன்பது மணிக்குக் கிட்ட நிண்டு போய்க் கிடந்தது தம்பி. கடல் வந்த நேரம். 'இந்த நேரத்தக் கையில கட்டிக்கிட்டு என்னால இரிக்க ஏலாது, கழட்டி வைக்கவும் ஏலாது, அவ வாங்கச் சொன்ன சாமான். இத எப்பிடியாவது ஓட வைச்சுத் தாங்க' எண்டு சொன்னார். வேற ஒண்டும் சொல்லல்ல."

வாப்பா கடையின் கண்ணாடிப் பெட்டியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். பஸாருக்குள் அஸர் பாங்கு கேட்டது. "தொழுதிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வெறுங்கையோடு பள்ளிக்குப் போவது அவருக்கு அன்று புதிதாக இருந்திருக்கும். போகும்போது இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே போனார். ஐயாவும் நானும் ஒன்றும் பேசவில்லை. அவர் ஒரு திருகாணியைக் கழற்றி வெள்ளைக் கிண்ணத்தில் போட்டார், பிறகு இன்னொன்று.

திரும்பி வந்தவர், "முழுசாச் செய்யுங்க அண்ணே, எவ்வளவெண்டாலும்" என்றார்.

எவ்வளவென்றாலும் என்று சொல்லலாம். கூலியும் வளையமும், கொழும்பிலிருந்து எடுப்பித்த புதுத் தண்டும் சேர்ந்து ஏழெட்டுப் பக்கற் சீமெந்தின் விலை வந்தது. உம்மா முகத்தைச் சுளித்தார். விற்கிற மணிக்கூட்டுக்குச் செலவழிப்பதா என்று கேட்டார். விற்பதென்றாலும் சேர்விஸ் செய்து விற்றால்தான் விலை என்று நான் வாப்பாவுக்காகப் பேசினேன். அது உண்மைதான். ஆனால் அதற்காக நான் பேசவில்லை.

மூன்று கிழமை கழித்து எடுக்கப் போனோம். மூடியைப் பூட்டுவதற்கு முன் ஐயா ஊசியை எடுத்து ஆறாவது எண்ணைக் கீறினார். 6.24. கை லேசாக நடுங்கியது. நாலின் கால் கொஞ்சம் நீண்டுவிட்டது. "அடுத்தது 29இல. நான் இல்லாட்டியும் எங்கையாவது நல்ல கையாப் பார்த்துக் குடுங்க. திறக்கிறவர் இத வாசிப்பார்" என்றார். என்னைப் பார்த்து, "மகள், வருசத்துக்கொருக்கா வளையத்தப் பார்க்கக் கொண்டு வரணும்" என்றார். அந்தப் பொறுப்பு இப்போது என்னுடையது. நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை என்று நாள் வைத்திருக்கிறேன், மறக்காமலிருக்க.

இப்போது நாளொன்றுக்கு எட்டுச் செக்கன் முந்துகிறது. கட்டார்க்காரர் போகும் முன் ஒருமுறை கோல் எடுத்தார். வாப்பா, "சேர்விஸ் பண்ணிட்டன் தம்பி" என்று சொன்னார், விலை பேசவில்லை. அவர் விமானம் ஏறிவிட்டார். ராத்தாவின் வீட்டுக்கு இன்னும் கூரை இல்லை, மாரிக்கு முன் எப்படியாவது போட வேண்டும் என்ற பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சில் மணிக்கூடும் சில நாட்களில் வருகிறது, சில நாட்களில் வருவதில்லை.

வுழூ எடுக்கும்போது மட்டும் வாப்பா இப்போது கழற்றுகிறார். கிணற்றடிக்குப் போகுமுன் யன்னல் படியில் வைப்பார். நான் எடுத்துச் சரித்துப் பார்ப்பேன். நங்கூரம் விழுகிறது.